நிறத்தை விடுங்கள், உலோகத்தைச் சொல்லுங்கள்

சமையலறை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வடிவமைப்பாளர்களே,



என் சமையலறையில் மொத்தம் 22 கைப்பிடிகள் இருக்கின்றன. மூன்று வருடம் முன்பு பழைய மேடையை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டபோது, பில்லில் அவற்றுக்கு எதிரே ‘ஷாம்பெயின் கோல்டு ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தது. இன்று அந்த 22இல் நான்கு மட்டும் பொன்னிறத்தைத் தொலைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் பல்லிளிக்கின்றன. பருப்பு இழுப்பறை, கரண்டி இழுப்பறை, சிங்குக்குக் கீழே உள்ள கதவு, குப்பைக்கூடைக் கதவு. பரண் கதவுகளின் கைப்பிடிகளோ கிரகப்பிரவேசத்தன்று மாட்டியவை போல மின்னுகின்றன. வருடத்துக்கு ஒருமுறை கொலுப் பொம்மைகளை இறக்க மட்டும் திறக்கும் பரண் அது.

சமைக்கிறவள் கை எங்கே அதிகம் போகிறது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அந்த நான்கு கைப்பிடிகளைப் பார்த்தால் போதும். எண்ணெய்க் கை, புளிக் கை, சோப்புக் கை, ஈரக் கை எல்லாம் பட்ட இடத்தில்தான் உரிந்திருக்கிறது.

செய்துகொடுத்தவர்களைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்கள். “வாரன்டி ஒரு வருஷம்தான் மேடம்” என்று சொல்லிவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் விசாரித்தேன், நாலு பேர் செய்த சமையலறையிலும் இதே கதைதான். அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கட்டடக் கலை படித்தவளில்லை. நாற்பது வருடமாகச் சமைப்பவள். திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கைப்பிடி ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கமாகப் போகும் பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். “பித்தளை இல்லைம்மா. துத்தநாகக் கலவை. அச்சுல வார்த்து மேல முலாம் போட்டிருக்கான்” என்றார். பிறகு, “உங்க வீட்டுக் குழாய் வெள்ளையா மின்னுமே, அது என்ன உலோகம்?” என்று கேட்டார். ஸ்டீல் என்றேன். சிரித்தார். நல்ல குழாயாக இருந்தால் பெரும்பாலும் உள்ளே பித்தளைதானாம். மேலே நிக்கலும், அதற்கும் மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனத்தில் குரோமியமும் ஏற்றியிருப்பார்களாம்.

ஆக, என் சமையலறையில் வெள்ளியாகத் தெரிவது பித்தளை, பித்தளையாகத் தெரிவது துத்தநாகம். முலாம் பூசுவது பழைய தொழில், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீங்கள் மேசையில் பரப்பிக் காட்டும் மாதிரித் துண்டுகளில் இருப்பதெல்லாம் நிறங்களின் பெயர்கள். ரோஸ் கோல்டு, ஆன்டிக் பிராஸ், பிரஷ்டு நிக்கல், கன் மெட்டல். கன் மெட்டல் என்பது செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த அசலான கலப்பு உலோகம். நீங்கள் காட்டிய துண்டிலோ அது குன்றிமணி அளவுகூட இல்லை, வெறும் அடர்சாம்பல் நிறம். பிளைவுட்டைப் பற்றிப் பேசும்போது ஐ.எஸ். 710 என்று தர எண்ணைச் சொல்கிறீர்கள், தண்ணீரில் ஒட்டு விடாது என்று உறுதி கொடுக்கிறீர்கள். உலோகத்துக்கு வந்ததும் ஏன் நிறத்தோடு நின்றுவிடுகிறீர்கள்? இந்த மடலை எழுத வைத்த கேள்வி இதுதான்.

நம் ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பெயர் எவர்சில்வர். என்றைக்கும் வெள்ளி என்று பெயரிலேயே ஒரு சத்தியம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் 1913இல் துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேய்ந்துபோகாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்த எஃகு துருவுக்கு மசியாததைக் கவனித்தார். துப்பாக்கிக்குத் தேடியது கத்தியும் கரண்டியுமாகச் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது. நம் வீடுகளுக்குள் அது வந்த கதை என் அம்மாவின் தலைமுறைக்குத் தெரியும். பித்தளை அண்டாவையும் செம்புத் தவலையையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியவர்கள் அவர்கள். பழைய துணிக்குத் தெருவில் எவர்சில்வர் டப்பா மாற்றிக்கொண்டவர்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயரும் தேதியும் வெட்டி வாங்கியவர்கள். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையே அந்தத் தகட்டை உருட்ட ஆரம்பித்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூசுகிறவர் தெருவுக்குள் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அம்மாவுக்கு அது கொடுத்த விடுதலை.

ஆனால் அந்தச் சத்தியத்துக்கும் நிபந்தனை உண்டு. எஃகில் 10.5 சதவீதமாவது குரோமியம் இருந்தால், அது காற்றோடு சேர்ந்து மேலே ஒரு படலம் கட்டுகிறது. கனம் சில நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். முலாம் உரிந்தால் உரிந்ததுதான், இது திரும்பத் திரும்ப வளரும் தோல். இந்தத் தோலின் பெரிய பகை உப்பிலிருக்கும் குளோரைடு. “உப்பை எவர்சில்வர் டப்பாவில் போடாதே, பீங்கான் ஜாடியில் போடு” என்று பாட்டி சொன்னது வேதியியல் படித்துவிட்டு இல்லை. ஈர உப்பு கிடந்த இடத்தில் ஊசி குத்தினாற்போலப் புள்ளி விழுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கடலோர வீட்டில் அந்த உப்பு ஜாடியிலிருந்து வருவதில்லை, ஜன்னல் வழியாக வருகிறது.

எவர்சில்வரில் ரகங்கள் பல. பாத்திரத்தின் அடியில் 18/8 என்று குத்தியிருந்தால் அது 304 ரகம். சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் விலை கூடியது என்பதால், அதைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிச் செய்வது 202 போன்ற 200 வரிசை. நிக்கலைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டுக் குரோமியத்தை மட்டும் நம்பியது 430. இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்து உப்பைத் தாங்கும்படி செய்தது 316. இத்தனை இருக்க, பில்லில் நீங்கள் எழுதுவது ‘எஸ்.எஸ்.’ என்ற இரண்டே எழுத்து.

கேட்டால் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுக்கிறீர்கள். “ஒட்டலை பாருங்க, நல்ல ஸ்டீல்.” காந்தம் 430இல் ஒட்டும், 304இல் ஒட்டாது. சரிதான். ஆனால் 202இலும் ஒட்டாதே! அது மட்டுமில்லை, நல்ல 304 தகட்டை அழுத்திக் குழித்துச் சிங்க் செய்தால், வளைந்த மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். காந்தத்தை மட்டும் நம்பினால் மட்டமானதை வாங்கிவைப்போம், நல்லதைத் திருப்பி அனுப்புவோம். பாத்திரக் கடைக்காரர் அன்றைக்குக் காட்டியது வேறு சோதனை. கைப்பிடியோடு நான் கொண்டுபோயிருந்த கரண்டித் தட்டில் ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து ஒரு துளி விட்டார். பேட்டரியின் ஒயர்களைத் தொட்டுப் பிடித்தார். சில நொடிகளில் துளி சிவந்தது. மாங்கனீசு அதிகம் என்று அர்த்தம். அடுத்து அவர் கடையின் தூக்குவாளி ஒன்றில் அதே துளி. நிறம் மாறவில்லை. பில்லில் எழுதினால் இரண்டும் ஒரே ‘எஸ்.எஸ்.’தான்.

202 ஒன்றும் விஷமில்லை. ஈரம் படாத அலமாரிக்கும் பரணுக்கும் அது தாராளமாகப் போதும், சிங்குக்கும் பாத்திரம் வடியும் கூடைக்கும்தான் போதாது. அந்த இடங்களில் 304 வேண்டும். கடலோர வீட்டில் ஜன்னல் ஓரத்துக் கம்பிக்கும் கைப்பிடிக்கும் முடிந்தால் 316 போடுங்கள். துடைக்காமல் விட்டால் உப்புக்காற்றில் 304 மேலேயும் தேநீர் சிந்தியது போலப் பழுப்புப் படரும். இன்னும் ஒரு இடத்தில் நீங்கள் சறுக்குகிறீர்கள். இழுப்பறைக்குள் வைக்கும் கம்பிக் கூடைகள் பல, சாதா இரும்புக் கம்பிக்குக் குரோமியம் பூசியவை. ஈரத்தட்டை அதில் வைக்கிறோம், பற்றவைத்த முனைகளில் முதல் மழைக்காலத்திலேயே துரு எட்டிப் பார்க்கிறது. கதவுக்கு 304 தகடு போட்டுவிட்டு, அதை இரும்புத் திருகாணியில் முடுக்குகிறவர்களும் உண்டு. துரு வழிவது திருகாணியிலிருந்து. கெட்ட பெயர் தகட்டுக்கு.

ரகத்துக்கு அடுத்தது மேற்பரப்பு. கண்ணாடி போல மெருகேற்றிய தகடு உங்கள் ஷோரூம் விளக்கில் அழகுதான். வீட்டில் ஒவ்வொரு விரல் ரேகையும் அதில் சாட்சி சொல்லும். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வைத்தால் ஒரு வாரத்தில் கீறலாகத் தெரியும். மயிரிழைக் கோடுகள் போட்ட ஹேர்லைன் தகடு ரேகையையும் சின்னக் கீறலையும் மறைத்துக்கொள்ளும், ஆனால் அதற்கு ஒரு திசை உண்டு. என் சிங்குக்கு வலப்பக்கக் கதவில் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன, இடப்பக்கக் கதவில் குறுக்கே ஓடுகின்றன. ஒரே தகட்டில் வெட்டியவைதான். தகட்டில் மிச்சம் பிடிக்க ஒன்றைத் திருப்பி வெட்டிவிட்டார்கள். காலை வெயில் விழும்போது ஒன்று வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் தெரிகிறது. கோடு ஓடும் திசையில்தான் துடைக்க வேண்டும் என்பதால், வேலைக்கு வரும் அம்மா ஒரு கதவை மேலும் கீழுமாகவும் அடுத்ததைக் குறுக்காகவும் துடைக்கிறார். “இது என்ன கணக்கும்மா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பொன்னிறமே வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், அதிலும் வித்தியாசத்தைச் சொல்லுங்கள். வெற்றிட அறையில் உலோக ஆவியைப் படியவைக்கும் பி.வி.டி. பூச்சு உண்டு. டைட்டானியம் நைட்ரைடு படிந்தால் பொன்னிறம். கனம் சில மைக்ரானைத் தாண்டாது, ஆனாலும் சாதாரண முலாமைவிடக் கெட்டி. அடியில் 304 இருந்தால் பல வருடம் தாங்கும். பெயின்ட்டும் லாக்கரும் அடித்த பொன்னிறம் அப்படித் தாங்காது. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் விலையைத் தவிர வேறு எதை வைத்து நாங்கள் தேர்ந்தெடுப்பது? கறுப்புக் குழாய் கேட்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் வரும் வீட்டில் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். வெள்ளைக் குழாயில் கண்ணுக்குத் தப்புவது கறுப்பில் தப்பாது.

அசல் பித்தளையும் செம்பும் வேண்டும் என்று கேட்கும் வீடுகளும் இப்போது திரும்பி வந்திருக்கின்றன. எடைக்குப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்! மகிழ்ச்சிதான். ஆனால் பித்தளை காற்றுப் பட்டுக் கறுக்கும், ஈரம் நின்றால் களிம்பு ஏறும், எலுமிச்சைச் சாறு தெறித்த இடம் மட்டும் திட்டாக வெளுத்து நிற்கும். புளி தேய்த்தால் பளிச்சென்று ஆவது, அதன் புளிப்பு அந்தக் கறுப்பைக் கரைத்து எடுத்துவிடுவதால்தான். அதை வாரம்தோறும் செய்ய ஆளும் மனமும் உண்டா என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள். மாறும் நிறத்தையே அழகாகப் பார்க்கிறவர்களுக்குப் பித்தளைக் குமிழ் கொடுங்கள். மாறக் கூடாது என்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அடுப்புக்குப் பின்சுவரில் செம்புத் தகடு அடித்து, தாளிப்புத் தெறித்த அன்றே அழுத ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

அந்தப் பின்சுவருக்கு ஏற்றது எவர்சில்வர்தான். அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே 304 தகடு. டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டில் ஊறும் எண்ணெய்ப் பிசுக்கு இதில் ஊற இடமில்லை, வெந்நீர்த் துணியில் ஒரே இழுப்பு. சிங்குக்குக் கீழ் அலமாரியின் தரைக்கும் மெல்லிய எவர்சில்வர் தட்டு ஒன்று வையுங்கள். குழாய் ஒழுகி முதலில் ஊறி உப்பும் பலகை அதுதான். கறையான் தொல்லை உள்ள தரைத்தள வீட்டில் கீழ்வரிசை அலமாரி முழுவதையும் எஃகில் செய்தாலும் தகும். மற்றபடி, சமையலறை முழுவதையும் உலோகமாக்கி ஆஸ்பத்திரி அறை போலச் செய்யச் சொல்லவில்லை. எஃகு மேடையில் பாத்திரம் வைக்கும் சத்தம் ஒரு பக்கம், ட்யூப்லைட் கூச்சம் ஒரு பக்கம். மேடை கிரானைட்டாகவே இருக்கட்டும். கிரைண்டர் கல்லைத் தூக்கி இறக்குகிறவர்களுக்கு அந்தக் கெட்டி தேவை. சிங்க் வாங்கும்போது 1 மில்லிமீட்டர் தகடா, அதற்கும் கீழா என்று எண்ணாகச் சொல்லுங்கள், அடிப்பக்கம் சத்தம் அடக்கும் ரப்பர் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ‘கேஜ்’ எண் கூடினால் தகடு மெலியும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை முடிக்கும் நேரத்தில் நடக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். தரையில் ஒட்டிய சிமென்ட்டை எடுக்க டைல்ஸ் ஆட்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கழுவினால், அந்த ஆவியே புதுச் சிங்கிலும் கைப்பிடியிலும் படிந்து துருப்புள்ளி வைத்துவிடும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், எவர்சில்வருக்கு ஆகவே ஆகாத அதே குளோரைடு. ஆசிட் வேலை முடிந்து, வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு உலோகத்தை உள்ளே கொண்டுவாருங்கள். மாட்டியதும் தகட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையை நீங்களே உரித்துக் கொடுங்கள். ‘புதுசாகவே இருக்கட்டும்’ என்று நாங்கள் வருடக்கணக்கில் விட்டுவைப்போம். அடுப்புச் சூட்டில் அது ஒட்டிக்கொண்டு பிறகு பாளம் பாளமாகத்தான் வரும். கம்பி நாரால் எவர்சில்வரைத் தேய்க்கக் கூடாது, அந்தக் கம்பியின் இரும்புத் துணுக்குதான் சிங்கில் துருவாக நிற்கிறது என்பதையும், பிளீச்சை ஊற்றி ஊறவிடக் கூடாது என்பதையும் ஒரு தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். அந்தத் தாளை எனக்குக் கொடுப்பதைவிட, துடைக்கிறவர் கையில் கொடுப்பது நல்லது.

நீங்கள் படிப்பில் ஃப்ராங்க்ஃபர்ட் சமையலறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனியின் அந்த நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தது. ஏறக்குறைய ஆறரைச் சதுர மீட்டர் இடம்தான். அதில் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், கைப்பிடித்துத் தூக்கி அப்படியே சாய்த்துக் கொட்டும்படி. ஆனால் மாவுக்கு மட்டும் ஓக் மரம், பூச்சி அண்டாது என்பதற்காக. எது மின்னும் என்று பார்த்து அவர் தேர்ந்தெடுக்கவில்லை, எதற்குள் எது இருக்கப்போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அதை வரைவதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சமைக்கத் தெரியாதது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. சமைப்பவர்கள் எத்தனை அடி நடக்கிறார்கள், எதற்காகக் குனிகிறார்கள் என்று கணக்கெடுத்தார். ஏறக்குறைய நூறு வருடம் ஆகிறது, இன்றைக்கும் உங்கள் மாடுலர் கிச்சனின் பாட்டி அதுதான்.

என் வீட்டுக்கு வரைபடம் போட வந்த பிள்ளை நல்ல பிள்ளை. லேசர் வைத்து மில்லிமீட்டர் சுத்தமாகச் சுவரை அளந்தார். எங்கள் வீட்டில் புளி கரைப்பது எந்தப் பக்கம், பாத்திரம் கழுவுகிறவர் யார், ஜன்னல் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், என்ன தண்ணீர் வருகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நான்கு இடத்தில் அந்தக் கைப்பிடியை அவரே வேண்டாம் என்றிருப்பார்.

அதனால் நான் கேட்பது இரண்டு. வரைவதற்கு முன் ஒரு நாள் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை அந்தச் சமையலறையில் ஒரு ஓரமாக நின்று பாருங்கள், காபி நாங்கள் தருகிறோம். இரண்டாவது, பில்லில் ஒவ்வொரு உலோகப் பொருளுக்கும் எதிரே நான்கு விவரம் எழுதுங்கள்: அடியில் என்ன உலோகம், என்ன ரகம், மேலே என்ன பூச்சு, எத்தனை மில்லிமீட்டர் கனம். நிறத்தின் பெயரை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம். விலை கூடினால் சொல்லுங்கள். எங்கே 304, எங்கே 202 போதும் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளும் அளவுக்கு எங்களுக்கும் கணக்குத் தெரியும்.

உரிந்துபோன நான்கு கைப்பிடிகளையும் போன வாரம் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பாத்திரக் கடைக்காரர் சொன்ன கடையில் வாங்கிய 304 கம்பிப் பிடிகள், முலாம் எதுவும் இல்லாதவை. துளி விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். மற்ற பதினெட்டோடு அவை பொருந்தவில்லை என்று மருமகள் சொல்கிறாள். பொருந்தவில்லைதான். ஆனால் அவற்றில் உரிவதற்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
திருவான்மியூர், சென்னை.